இரண்டு குச்சி அளவு

எங்கள் வீட்டு ஹாலில் மணி பார்க்கக் கடிகாரம் வேண்டாம். அம்மாவின் ரோத்தான் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் போதும். மூன்று மணிக்கு ஜன்னலோரம். நாலு மணிக்கு டிவி பக்கம். ஐந்து மணிக்குச் சமையலறை வாசல். ஆறு மணிக்குச் சாமி மேடைக்குக் கீழே, சுவரோடு சுவராக. அதற்கு மேல் நகர இடமில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சுன்னா என்னைய பின்வாசல் வழியா வெளிய தள்ளிருக்கும்" என்பார் வெயிலைப் பற்றி, ஏதோ மருமகளைப் பற்றிச் சொல்வது போல.

மேற்குப் பார்த்த தாமான் வீடு. வாங்கும்போது விலையைப் பார்த்தோம், கூரையைப் பார்த்தோம், குழாயில் தண்ணீர் வேகத்தைப் பார்த்தோம். திசையைப் பார்க்கவில்லை. பார்த்தது காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் மேற்குப் பார்த்த வீட்டைப் போலக் குளுகுளு வீடு உலகத்தில் கிடையாது.

இதில் நம் ஊர்க் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு. கோலா கங்சாரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒண்ணேகால் வாக்கில். தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். நாம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 101 டிகிரி. நம் மணியோ 120 டிகிரிக்கு உரியது, கிட்டத்தட்ட மணிலாக்காரர்களுக்குப் பொருந்துவது. அதனால் வேலை விட்டு ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் பொழுது சாய்ந்திருக்கும் என்று நினைப்போம். சூரியன் கணக்கில் அது நாலேகால்தான். இன்னும் இரண்டு மணி நேர வெயில் பாக்கி இருக்கும், நேராக நெற்றியில்.

சரி, இந்தத் தீபாவளிக்குள் ரோலர் பிளைண்ட் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மேலே ஒரு குழல், அதில் சுருட்டிய துணி, பக்கத்தில் ஒரு சங்கிலி. இழுத்தால் இறங்கும், மறுபக்கம் இழுத்தால் ஏறும். துவைத்து, உலர்த்தி, கொக்கி கோர்த்து மாட்டும் வேலையெல்லாம் இல்லை. மூன்று அறை ஜன்னலுக்கு முதலில் வாங்கலாம், அது சரியாக வந்தால் ஹாலுக்கு என்று திட்டம்.

அறை ஜன்னல்களில் அதுவரை தொங்கியது அம்மாவின் பழைய சேலைகள். வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி, இரண்டு முனையிலும் கொக்கி, சுவரில் இரண்டு ஆணி. தோட்டத்து லயத்தில் பிறந்த யாருக்கும் அந்தக் கம்பியைத் தெரியும். நடுவில் எப்போதும் தொய்ந்திருக்கும். எவ்வளவு வெட்டி மாட்டினாலும் ஒரு தீபாவளிக்கு மேல் நிமிர்ந்து நிற்காது.

அளவு எடுத்தேன். ஸ்டீல் டேப், பென்சில், பழைய கரண்ட் பில்லின் பின்பக்கம். ஜன்னல் முன்னால் நின்று, கை எட்டும் உயரத்தில் டேப்பை நீட்டி, 118.2 சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டேன். கை எட்டும் உயரம் என்பதைக் கவனியுங்கள். பின்னால் வருகிறேன்.

ஈப்போவில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மலாயில் கேட்டாள்: "சைஸ் லூபாங்கா, சைஸ் பிடாயா?" ஓட்டை அளவா, பிளைண்ட் அளவா என்று அர்த்தம். நான் வாங்கப் போவது பிளைண்ட். ஓட்டை என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. "சைஸ் பிடாய்" என்றேன், மிகத் தெளிவாக.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

ஜன்னல் குழிக்குள்ளேயே பிளைண்ட் உட்கார வேண்டுமென்றால் ஓட்டை அளவைச் சொல்ல வேண்டும். செய்கிறவர்கள் அதிலிருந்து கொஞ்சம் கழித்துச் செய்வார்கள், பிராக்கெட் இடிக்காமல் உள்ளே போக. பிளைண்ட் அளவு என்று சொன்னால் கழிக்க மாட்டார்கள், சொன்னதைச் சொன்னபடி செய்து தருவார்கள். அப்படியே செய்து தந்தார்கள். அச்சாக 118.2. பிராக்கெட்டோடு தூக்கிக் குழிக்குள் வைத்தால், உள்ளே போகவில்லை. வீட்டுக்காரர் உள்ளங்கையால் தட்டினார். பிறகு முஷ்டியால். மூன்றாவது தட்டில் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்ததும் ஏணியை விட்டு இறங்கி, என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கோப்பி கலக்கப் போனார். இருபது வருட இல்லறத்தில் அந்த மௌனத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

அம்மாதான் சொன்னார். "உங்கப்பா இருந்தா ரெண்டு குச்சியில முடிச்சிருப்பாரு."

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். லயத்துக் கதவு, ஜன்னல் பலகை, ஆயாக் கொட்டகைத் தொட்டில், கோயில் திருவிழாவுக்குக் கொட்டகைக் கால், எல்லாம் அவர் கை. யாராவது இறந்தால் பெட்டியும் அவர்தான். அதற்கு மட்டும் கயிறு வைத்து அளப்பாராம், குச்சி வைக்க மனசு வராது என்று. ஜன்னலுக்கு எப்போதும் இரண்டு குச்சி. டேப் அவரிடம் இல்லாமல் இல்லை. நம்பிக்கைதான் இல்லை.

குச்சி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் இந்தப் பதிவில் உங்களுக்கு உபயோகமான பகுதி.

ஜன்னல் குழிக்குள் டேப்பை நீட்டினால் ஒரு முனை சுவரில் முட்டும், மறு முனையில் டேப் மடங்கும். மூலையில் எண் எங்கே நிற்கிறது என்பதை யூகித்துத்தான் படிக்கிறோம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அங்கேயே போய்விடும். குச்சியில் யூகம் கிடையாது. ஜன்னல் அகலத்தில் முக்கால் நீளத்துக்கு இரண்டு மெல்லிய சட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கொசுவலைச் சட்டத்திலிருந்து கழன்ற இரண்டு ரீப்பர் எங்கள் ஸ்டோரில் கிடந்தது. ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் கையால் பிடித்து, ஒன்றை இடப்பக்கச் சுவர் வரைக்கும், மற்றதை வலப்பக்கச் சுவர் வரைக்கும் தள்ள வேண்டும். இரண்டும் முட்டி நின்றதும், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் இரண்டின் மேலும் குறுக்கே ஒரே பென்சில் கோடு. அவ்வளவுதான். குச்சிகளைச் சாய்த்து வெளியே எடுத்து, தரையில் வைத்து, கோட்டோடு கோடு சேர்த்தால் ஜன்னலின் அகலம் தரையில் படுத்துக் கிடக்கும். பிறகு நிதானமாக டேப் வைத்துக்கொள்ளலாம். டேப்பே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா அந்தக் குச்சிகளையே பட்டறைக்கு எடுத்துப் போய்ப் பலகை மேல் வைத்து அறுத்துவிடுவாராம். நடுவில் எண் என்று ஒன்று வந்தால்தானே தப்பாக எழுத முடியும்!

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி மேற்பார்வை. "மேல வை. மேல. அங்கதான் பூசுனவன் கை கனமா விழுந்திருக்கும்." வைத்தேன். மேலே 117.4. நடுவில் அதே 118.2. கீழே 118. நான் அளந்தது நடுவில் மட்டும், ஏணி ஏறச் சோம்பல். மேலே சிமெண்ட் பூச்சு தொந்தி போட்டிருந்தது, வெறும் கண்ணுக்குத் தெரியாத தொந்தி. எட்டு மில்லிமீட்டர் அதிகம், கழிவும் இல்லை. முஷ்டிக்கு மசியாததில் ஆச்சரியமில்லை.

மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பார்த்தேன். சரியான செவ்வகமென்றால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் ஜன்னலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். இத்தனை வருஷம் கோணல் ஜன்னல் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்திருக்கிறோம். இப்படி இருந்தால் குழியின் மேல்விளிம்பை நம்பிப் பிராக்கெட் அடிக்கக் கூடாது. ரசமட்டம் வைத்துத்தான் அடிக்க வேண்டும். குழல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் துணி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் போய் விளிம்பு நைந்துவிடும்.

குழிக்குள் வைப்பதென்றால் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சின்னதை எழுத வேண்டும். எழுதும்போது அகலம் முதலில், உயரம் பிறகு. சங்கிலி இடதா வலதா என்பதையும் சொல்ல வேண்டும். குழியின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். மலேசிய வீடு என்றால் உள்பக்கம் இரும்புக் கிரில் இருக்குமே, அது எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று. நாக்கோ ஜன்னலாக இருந்தால் கண்ணாடிப் பட்டைகளைத் திறக்கும் அந்தக் கைப்பிடி துணியில் முட்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் என் மகன் டேப்பை ஆராய்ந்து, "ம்மா, இது உடைஞ்சி போச்சு, கொக்கி ஆடுது, அதான் தப்பா காட்டிருச்சு" என்று எனக்கு ஒரு சாக்கு கண்டுபிடித்துக் கொடுத்தான். பாவம், அதுவும் நிற்கவில்லை. கொக்கி ஆடத்தான் வேண்டும். அதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் ஆடும். பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே நகரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டு விதத்திலும் பூஜ்யம் சரியான இடத்தில் நிற்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆடுகிறதே என்று சுத்தியலால் இறுக்கி வைக்கிற ஆட்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு.

வந்த மூன்று பிளைண்டையும் என்ன செய்வது? வெட்டினோம். குழலின் ஓர மூடியைக் கழற்றி, ஆக்ஸா பிளேடால் அலுமினியத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அறுத்து, கீழ்ச் சட்டத்திலும் அதே அளவு எடுத்து, துணியை ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பிளேடால் சீவ வேண்டும். முதலாவது நன்றாக வந்தது. இரண்டாவதில் துணி போகப் போகச் சாய்ந்து, அடியில் ஒரு விரல் அகலம் கூடுதலாகப் போய்விட்டது. அது இப்போது மகன் அறையில், அவன் அலமாரி மறைக்கிற பக்கமாக. மூன்றாவதைத் தொட வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

குழலைக் கழற்றியபோது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சங்கிலிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பிச் சுருள், நடு அச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சங்கிலியை எந்தப் பக்கம் இழுத்தாலும் பிடி தளரும், விட்டால் இறுகும். அதனால்தான் துணி நிறுத்திய இடத்தில் நிற்கிறது. சங்கிலிக்கு முந்திய காலத்தில் குழலுக்குள்ளேயே ஸ்பிரிங் வைத்தது வந்தது. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷோர்ன் என்பவர் 1864இல் அதற்குக் காப்புரிமை வாங்கி, ஜன்னல் திரை விற்றே பெரும் பணக்காரராகி, 1877இல் நிலம் வாங்கி நியூ ஜெர்சியில் ஷார்ட் ஹில்ஸ் என்று ஓர் ஊரையே உண்டாக்கினார். அதே 1877இல்தான் இங்கே பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் ஒன்பது ரப்பர் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் நம் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலிக்குள் நிற்கிறது. அந்தக் கன்றுகள் வராவிட்டால் அப்பாவின் தோட்டம் ஏது, இந்தக் குச்சி ஏது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான். என் ஹாலில் வந்து இரண்டும் சந்தித்துக்கொண்டதால் சொல்கிறேன்.

சங்கிலியைப் பற்றி ஒன்று. அக்கா பேரனுக்கு இரண்டு வயது. வாரம் தவறாமல் வருகிறான். தொங்கும் சங்கிலி வளையம் குழந்தைகள் கழுத்துக்கு ஆபத்து. சுவரில் ஒரு கொக்கி அடித்து அதில் இழுத்து மாட்டி விறைப்பாக வைக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேலேயே சங்கிலி முடிந்துவிட வேண்டும். கொக்கி பெட்டியிலேயே ஒரு சின்னப் பையில் வரும். குப்பையோடு போட்டுவிடாதீர்கள்.

இனி ஹால். நாற்காலியை விரட்டுவது அந்த ஜன்னல்தான். அங்கே கிரில் போக மிச்சம் இருக்கும் ஆழம் இரண்டு அங்குலம். குழலும் துணியும் சேர்ந்து மூன்று அங்குலமாவது கேட்கும். ஆகவே குழிக்கு வெளியே, சுவர் முகத்தில்தான் அடிக்க வேண்டும். அதில் ஒரு நிம்மதி: ஓட்டை எப்படிக் கோணலாக இருந்தாலும் கவலை இல்லை, நாலு பக்கமும் மூன்று நாலு அங்குலம் கூட விட்டு மூடிவிடலாம். கடைக்காரப் பெண்ணுக்கு இந்தத் தடவை தயங்காமல் சொல்லலாம், சைஸ் பிடாய் என்று.

துணியில்தான் குழப்பம். பிளாக்அவுட் என்றால் வெளிச்சம் அறவே வராது. பகலிலேயே விளக்குப் போட வேண்டும். சன்ஸ்கிரீன் என்று ஒரு வலைத்துணி உண்டு. ஐந்து சதவீதம் என்றால் துணியின் பரப்பில் அவ்வளவு பங்கு பொடி ஓட்டை. பகலில் வெளியே தெரியும், வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. இரவில் விளக்கைப் போட்டால் எல்லாம் தலைகீழ். தெருவுக்கே நம் வீட்டு நாடகம் ஓடும். அதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாக மாதிரித் துண்டை ஜன்னலில் ஒட்டி வைத்து, இரவில் வாசலில் போய் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் சாரோங்கோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது முழுசாகத் தெரிந்தது.

அந்த வாரம் மகனுக்குப் பள்ளியில் ஏதோ ஒப்படைப்பு, புக்கிட் சண்டானில் இஸ்தானா கெனாங்கானைப் படம் எடுத்து வர வேண்டும். அம்மாவும் காரில் ஏறிக்கொண்டார். உபுடியா மசூதியின் பொன்னிறக் குவிமாடங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம். இஸ்தானாவை 1926இல் கட்டினார்கள். சுல்தான் இஸ்கந்தார் ஷாவுக்குப் புது அரண்மனை 1933இல் முடியும் வரை இதுதான் இருப்பிடம். வரைபடம் இல்லாமல், ஓர் இரும்பாணி அடிக்காமல் கட்டியது என்பதுதான் அதன் பேர். எனக்கு அங்கே நின்றபோது வந்தது பொறாமை. வரைபடம், அனுமதி, முத்திரை எல்லாம் வாங்கிக் கட்டிய என் வீட்டில் ஒரு ஜன்னல் செவ்வகமில்லை!

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கிலைச் சீவிப் பின்னிய சுவர், மஞ்சளும் கருப்பும் வெள்ளையுமாகச் சாய்சதுரக் கட்டங்கள்.

"இது செவரா, தட்டியா?" என்றார்.

"செவருதான்மா."

"தட்டிய செவரா வச்சிருக்கான். காத்து வரும், வெயிலு வராது." சற்றுப் பொறுத்து: "நீ ஏன் உள்ளாற மாட்டுற?"

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் சொன்னது லயத்து முன்திண்ணையைப் பற்றி. மேற்குப் பக்கம் மூங்கில் தட்டி ஒன்று அப்பா கட்டித் தொங்கவிட்டிருப்பார், ஜன்னலில் இல்லை, திண்ணையின் வெளி விளிம்பில். ஊரில் பழைய கடைவரிசையிலும் அப்படித்தான். அஞ்சடியின் வெளி ஓரத்தில் பிடாயைத் தொங்கவிட்டு அதன் மேலேயே கடைப் பெயரைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். யாரும் கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போட்டு வெயிலைத் தடுத்ததில்லை. விஷயம் சுலபம்தான்: கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடும். உள்பக்கத் துணி அதை வாங்கிச் சூடாகும். அந்தச் சூடு வந்த வழியே திரும்பிப் போகாது, கண்ணாடி விடாது. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், இட்லிச் சட்டிக்குள் விட்ட மாதிரி இருக்கும். வெளியே தொங்கும் தட்டி சூடானால், அது தட்டியின் பாடு, காற்று கொண்டுபோய்விடும்.

மூன்று வாரமாக ஜன்னலை அளந்துகொண்டிருந்தவள், அன்றைக்குச் சாயங்காலம் போர்ச் உத்தரத்தை அளந்தேன். அதற்கு முன்னால் வெயிலை அளந்தேன். ஐந்து மணிக்கு ஹால் தரையில் வெயில் எங்கே வரை வருகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு, ஆறு மணிக்கு ஒன்று, ஆறரைக்கு ஒன்று. சூரியன் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் இறங்காது. ஜூனில் நேர் மேற்கிலிருந்து இருபத்து மூன்றரை டிகிரி வடக்கே தள்ளி, டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி. அதனால் ஜன்னல் அகலத்துக்கு மட்டும் தட்டி போட்டால் பாதி வருஷம் ஒரு பக்கமாகப் புகுந்துவிடும். இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு, எட்டடி அகலத்தில் மூங்கில் பிடாய் ஒன்று. அடியில் ஒரு முழம் காற்றுக்கு. கீழ்க்கட்டையை இரண்டு பக்கமும் கயிறு போட்டுத் தூணில் கட்டிவிட்டேன், இல்லாவிட்டால் மழைக்காற்றில் கதவைத் தட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஹாலுக்கு உள்ளேயும் ஒரு பிளைண்ட் போட்டோம், வெளிர் நிறத்தில் சாதாரணத் துணி. அது இப்போது இரவுக்கு மட்டும், சாரோங்கை மறைக்க.

போன செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்தபோது மணி ஐந்தே முக்கால். நாற்காலி ஜன்னலோரத்திலேயே கிடந்தது. அம்மா அதில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தட்டியின் ஓரத்துக்கும் தூணுக்கும் இடையில் இரண்டு விரற்கடை சந்து. அது வழியாக ஒரு கோடு வெயில் மட்டும் தரையில் நீளமாகக் கிடந்தது. சந்தை அடைக்க ஒரு துண்டு மூங்கில் இருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"அத விடு," என்றார். "எத்தன மணின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாவது பிளைண்ட் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. அந்த அறையில் சேலைதான் தொங்குகிறது, நடுவில் கொஞ்சம் தொய்ந்து.